முதன்முறை அமெரிக்கா பறக்கும் அப்பா அம்மாவுக்கு: உடம்பு நோகாமல் போய்ச்சேர அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெற்றோர் கரூரிலிருந்து டெக்சஸுக்கு முதன்முறை வந்தபோது, வழியில் ஃபிராங்க்பர்ட்டில் இறங்கிய அம்மாவுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நோய் எதுவும் இல்லை. சென்னையில் ஏறியதிலிருந்து பத்து மணி நேரமாக ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை, அவ்வளவுதான். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்ப வேண்டும். "முன்பின் தெரியாத மனிதரை எப்படித் தட்டி எழுப்புவது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நம் பெரியவர்களை விமானம் படுத்துவதைவிட அவர்களுடைய கூச்சம் படுத்துவதுதான் அதிகம் என்பது என் கணக்கு.

அதன்பின் நண்பர்கள் தங்கள் பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும்போதெல்லாம் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்து, நோய் பற்றிய இடங்களில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

ஜன்னல் ஓரமா, நடைவழி ஓரமா? எந்த இருக்கை நல்லது?

பெரியவர்களுக்கு நடைவழி ஓரம்தான். ஜன்னலில் மேகம் பார்க்கும் ஆசை அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் பன்னிரண்டு மணி நேரம் சிறை.

இருவராகப் போகிறார்கள் என்றால் ஒரு சின்ன உத்தி உண்டு. நீண்ட தூர விமானங்களில் பெரும்பாலும் இரண்டு நடைவழிகள் இருக்கும். இருக்கைகள் 3-3-3 அல்லது 3-4-3 என்று பிரிந்திருக்கும். நடுத்தொகுதியில் நடைவழி ஓர இருக்கையையும் அதற்கு அடுத்ததையும் எடுங்கள். அந்த வரிசையில் இருக்கும் மற்றவர்களுக்கு மறுபக்கம் வேறு நடைவழி உண்டு. ஆக அவர்கள் உங்கள் அம்மாவைத் தாண்டிப் போக வேண்டியதில்லை, அம்மாவும் அவர்களை எழுப்ப வேண்டியதில்லை. அப்பாவை மட்டும் எழுப்பினால் போதும்; அதில் அம்மாவுக்குக் கூச்சம் கிடையாது. ஏர்பஸ் ஏ330 போல 2-4-2 அமைப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. ஓரத்து இரட்டை இருக்கையில் ஜோடியாக உட்கார்ந்துவிடலாம்.

அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கும். ஆனால் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க உதவும் தெம்பு உள்ளவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். சக்கர நாற்காலி கேட்டவருக்குக் கிடைக்காது. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையும் இடமுள்ளதுதான். அங்கே கைக்குழந்தைத் தொட்டில் மாட்டுவார்கள், கைப்பிடியும் நகராது. பக்கத்தில் குழந்தை வந்தால் பாட்டிமார் மகிழ்வார்கள், தாத்தாமார் தூங்க மாட்டார்கள். கழிப்பறையை ஒட்டிய கடைசி வரிசை வேண்டவே வேண்டாம். சாயவும் சாயாது, இரவெல்லாம் வரிசை நிற்கும்.

நடைவழிப் பக்கத்துக் கைப்பிடி அசையாது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பல விமானங்களில் அதன் அடியில், பின்பக்க மூட்டுக்கு அருகே விரலால் தடவினால் ஒரு சிறு பொத்தான் தட்டுப்படும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும்பிவிடும். மூட்டுவலிக்காரர்கள் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே ஊன்றி எழ அது பெரிய உதவி.

உட்கார்ந்துதானே போகிறோம், ஏன் இவ்வளவு களைப்பு?

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனால் தரைமட்ட அளவுக்குக் கூட்டுவதில்லை. உள்ளிருக்கும் காற்று 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி. அதாவது உங்கள் அப்பா அரைமணி நேரத்தில் மீனம்பாக்கத்திலிருந்து ஊட்டிக்கு ஏறி, அங்கே ஒரே நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குகிறார். ஆரோக்கியமானவருக்கு அது தாங்கும், கொஞ்சம் களைப்பாக இருக்கும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகிய இரண்டிலும் இந்த அழுத்தம் 6,000 அடிக்கு நிகராக இருக்கும்; ஊட்டிக்குப் பதில் குன்னூர். ஒரே விலையில் இரண்டு விமானங்கள் இருந்தால் நான் இவற்றைத்தான் எடுப்பேன்.

மலையில் சிப்ஸ் பொட்டலம் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும் அப்படித்தான், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும். முந்தின நாள் மொச்சை, உருளைக்கிழங்கு, சோடா எல்லாம் வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்?

லிட்டர் கணக்கு வைத்துக் குடிக்க வேண்டியதில்லை. மணிக்கொரு முறை சில வாய் போதும். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. சென்னைக் கடற்கரையில் வளர்ந்த தோலுக்கும் தொண்டைக்கும் அது பாலைவனம். உதடு வெடிக்கும், கண் உறுத்தும், மூக்கு காய்ந்து சில சமயம் ரத்தம்கூட எட்டிப் பார்க்கும். சின்ன டப்பாவில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ இருக்கட்டும். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்கள் அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையைத் தாண்டக் காலிப் பாட்டிலுக்குத் தடையில்லை. தாண்டியபின் நிரப்பிக்கொள்ளலாம். உள்ளே தீர்ந்துபோனால், தலைக்கு மேலோ திரையிலோ மனித உருவம் வரைந்த பொத்தான் இருக்கும். அழுத்தினால் பணியாளர் வருவார். "அவர்களுக்கு ஏன் சிரமம்?" என்பார்கள் நம்மவர்கள். டிக்கெட் விலையில் அந்தச் சிரமமும் சேர்த்தி என்று சொல்லிவிடுங்கள்.

கழிப்பறையைப் பற்றிக் கேட்கவே சங்கடமாக இருக்கிறது...

கேட்டே ஆக வேண்டிய கேள்வி. தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு மூல காரணமே இதுதான். வீட்டிலேயே விளக்கிச் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

கதவுக்குப் பல விமானங்களில் கைப்பிடி இருக்காது. நடுவில் கைவைத்துத் தள்ளினால் உள்பக்கமாக மடியும். உள்ளே போனதும் அரையிருட்டாக இருக்கும். தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் விளக்கு முழுதாக எரியும், வெளியிலும் சிவப்புக் குறி தெரியும். மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து தாழிடாமல் இருப்பவர்கள் உண்டு. வெளியிலிருந்து திறக்கப் பணியாளர்களுக்கு வழி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

தண்ணீர் விடும் பொத்தானை அழுத்தியதும் 'ஹூஷ்' என்று பெரும் சத்தம் வரும். அங்கே தண்ணீர் கொட்டாது. காற்றால் உறிஞ்சி இழுக்கும் அமைப்பு அது. என் அப்பா முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு எதையோ உடைத்துவிட்டதாக நினைத்து, இருக்கைக்கு வந்து இரண்டு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறார். மூடியை மூடிவிட்டு அழுத்தினால் சத்தம் குறையும்.

வாளி, குவளை, பீச்சுக்குழாய் எதுவும் பெரும்பாலும் இருக்காது. காகிதம் மட்டும்தான். அரை லிட்டர் காலிப் பாட்டில் ஒன்றைத் தனியாக ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கைகழுவும் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். குழாய் மிகத் தாழ்வாக இருந்து பாட்டில் நுழையாவிட்டால் காகிதக் குவளையால் பிடித்து ஊற்ற வேண்டும். ஈரத் துடைப்புத்தாளைத் தொட்டிக்குள் போடக் கூடாது, அடைத்துக்கொள்ளும். குப்பைப்பெட்டி பக்கத்திலேயே இருக்கும்.

காலுறையோடு போக வேண்டாம். தரையில் இருக்கும் ஈரம் தண்ணீர்தான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சாப்பாட்டு வண்டி நகரத் தொடங்கும் முன் போய்வந்துவிடுவது நல்லது. வண்டி நடைவழியில் நின்றுவிட்டால் அரைமணி நேரம் வழி கிடையாது, அதன்பின் ஊரே வரிசையில் நிற்கும்.

காது அடைத்து வலிக்குமா? பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா?

பஞ்சு சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், வலிக்குப் பயனில்லை. நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. மேலே ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று அதன் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும். அப்போது அந்தக் குழாய் ஒட்டிக்கொண்டு திறக்க அடம்பிடிக்கும். அதனால்தான் இறங்கும்போது வலி அதிகம்.

விழுங்கினால், கொட்டாவி விட்டால் குழாய் திறக்கும். முன்பெல்லாம் ஏறியதும் தட்டில் மிட்டாய் நீட்டுவார்கள். அது உபசாரம் மட்டுமல்ல, எச்சில் விழுங்க வைக்கும் வழி. ஆரஞ்சு மிட்டாயோ இஞ்சி மரப்பாவோ பையில் இருக்கட்டும். தரையிறங்க அரைமணி இருக்கும்போதே தூங்குகிறவரை எழுப்பிவிட வேண்டும். தூக்கத்தில் நாம் விழுங்குவது குறைவு. கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாகக் காற்றை ஊதுவது இன்னொரு வழி. மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். சளி பிடித்திருந்தால் மூக்கில் விடும் மருந்து உதவும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

கால் வீக்கம், ரத்தம் உறைதல் என்கிறார்களே, உண்மையா?

வீக்கம் பெரும்பாலோருக்கு வரும், ஓரிரு நாளில் வடியும். நாடா உள்ள, தளர்த்திக்கொள்ளக்கூடிய காலணி போடுங்கள். கழற்றிய புதுக் காலணிக்குள் இறங்கும் நேரத்தில் கால் நுழையாமல் தவிப்பது வாடிக்கை.

காலின் உட்புற ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது அரிது, ஆனால் அலட்சியப்படுத்தக் கூடாதது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்பவர்களில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு அது நேரலாம். விமானம் மட்டுமல்ல, அசையாமல் உட்காரும் ரயிலும் பஸ்ஸும்கூட அந்தக் கணக்கில் சேரும். அண்மையில் அறுவை சிகிச்சை, புற்றுநோய், முன்பே ரத்தம் உறைந்த அனுபவம், அதிக உடல் எடை ஆகியவை இருந்தால் ஆபத்து கூடும்.

இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே தையல் இயந்திரம் மிதிப்பது போல முன்பாதத்தையும் குதிகாலையும் மாற்றி மாற்றி அழுத்துவதும் போதும். என் அம்மா சொந்தமாகத் தையல் இயந்திரம் வைத்திருந்தவர். இப்படிச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே போடும் இறுக்கக் காலுறை நல்லது, ஆனால் அளவெடுத்து வாங்க வேண்டும். கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களும் சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் கேட்காமல் போடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆஸ்பிரின் விழுங்குவதும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு என்ன குறிக்க வேண்டும்?

தவறு நடப்பது இங்கேதான். விமான நிறுவனங்கள் நான்கெழுத்துக் குறியீடு வைத்திருக்கின்றன. நம் ஊர் மசாலாவோடு சைவம் வேண்டுமென்றால் 'ஏவிஎம்எல்', அதாவது ஆசிய சைவம். 'விஜிஎம்எல்' என்பது பாலும் தயிரும்கூட இல்லாத மேல்நாட்டுச் சைவம். அவித்த காய்கறியும் உப்பில்லாத பருப்பும் வரும். 'எச்என்எம்எல்' என்ற இந்து உணவைப் பெயரைப் பார்த்துச் சைவம் என்று குறித்து, தட்டைத் திறந்ததும் கோழியைக் கண்டு திகைத்தவர்களை எனக்குத் தெரியும். அது மாட்டிறைச்சி சேர்க்காத அசைவம். சர்க்கரை நோயாளிகளுக்கான 'டிபிஎம்எல்'லிலும் கோழியோ மீனோ இருக்கக்கூடும். இரண்டு குறியீடுகளைச் சேர்த்துக் கேட்கப் பெரும்பாலும் முடியாது. ஆகவே சர்க்கரை உள்ள சைவர்கள் ஏவிஎம்எல் குறித்துவிட்டு, இனிப்பைத் தொடாமல் விடுவதே வழி. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் குறிக்க வேண்டும். இடையில் விமானம் மாறினால் இரண்டிலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாம்பார் சப்பென்று இருக்கும். சமைத்தவர் மீது முழுப் பழியையும் போட முடியாது. லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2010இல் செய்த சோதனையில், விமானத்தின் தாழ்ந்த காற்றழுத்தத்தில் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகவே தெரிகின்றன என்று கண்டார்கள். காய்ந்த மூக்கில் வாசனையும் ஏறாது. காபி, தேநீர் கேட்கவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும், தேயிலை சரியாக இறங்காது.

வீட்டிலிருந்து கொண்டுபோக மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்கு நிகர் எதுவும் இல்லை. எண்ணெய் ஊறி, கெடாமல் இருக்கும். சோதனையிலும் பிரச்சினை வராது. தயிர் சாதம், தொகையல், ஊறுகாய் எல்லாம் கூழ் வகையில் சேரும். 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். மிச்சத்தை இறங்கும் முன் தின்று முடித்துவிட வேண்டும். கொண்டுபோனால் படிவத்திலோ அதிகாரியிடமோ அறிவிக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையில் தங்கும் என்பதால் அந்தத் தடை.

என்ன உடுத்துவது?

அடுக்கடுக்காக. சென்னையில் வியர்க்கும், ஜன்னல் ஓரத்திலும் தரையிலும் குளிரும். மெல்லிய சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், குல்லா, காலுறை. போர்வை தருவார்கள், இன்னொன்று கேட்டாலும் இருந்தால் தருவார்கள்.

புடவைதான் என்று அம்மா சொன்னால் வற்புறுத்தாதீர்கள். பட்டும் கஞ்சி போட்ட பருத்தியும் வேண்டாம். பூனம் புடவை போதும். உள்பாவாடை நாடாவை வழக்கத்தைவிட இரண்டு விரல் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். வயிறு உப்பும் என்று மேலே சொன்னேனே, மூன்று மணி நேரத்தில் அந்த நாடா அறுக்கத் தொடங்கும். அப்பாவின் பெல்ட்டுக்கும் அதே விதி.

சக்கர நாற்காலி கேட்கலாமா?

முட்டிவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் கூச்சமே இல்லாமல் கேளுங்கள். பெரிய விமான நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். பொதுவாகக் கட்டணம் கிடையாது. 48 மணி நேரத்துக்கு முன் பதிய வேண்டும். படி ஏற முடியுமா, இருக்கை வரை நடக்க முடியுமா என்பதைச் சரியாகச் சொல்லுங்கள், அதற்கேற்பத்தான் ஆள் வருவார்.

நன்றாக நடக்கிறவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்காகச் சக்கர நாற்காலி கேட்பது எனக்கு ஒப்பவில்லை. வழிகாட்ட மட்டும் ஆள் அனுப்பும் சேவை பல நிறுவனங்களில் உண்டு, அதைக் கேட்கலாம். ஒரு தடவை இடைவழி நிலையம் ஒன்றில் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு மூலையில் நிறுத்திவிட்டு மறந்துபோனார்கள். கூப்பிடக் கூச்சப்பட்டு ஒன்றரை மணி நேரம் அங்கேயே இருந்தார். போர்டிங் பாஸையும் வாயில் எண்ணையும் எப்போதும் தன் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மாத்திரைகள், இன்சுலின்?

எல்லாம் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் சரக்கறையில் உறைந்துபோகலாம், உறைந்தது பயன்படாது. அமெரிக்கா போகும்போது அந்த நாளே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நீளும், திரும்பும்போது அதே அளவு சுருங்கும். எந்த வேளை மருந்தை எப்போது போடுவது என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் அட்டவணையாக எழுதி வாங்குங்கள். தூக்க மாத்திரையை முதன்முறையாக விமானத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

யார் கண்டிப்பாக மருத்துவரைக் கேட்க வேண்டும்?

அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், வயிறு அல்லது நெஞ்சு அறுவை சிகிச்சை, ரத்தசோகை, ஆக்சிஜன் தேவைப்படும் நுரையீரல் நோய் உள்ளவர்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: விழித்திரை அறுவை சிகிச்சையில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். அது கரையும்வரை பறக்கவே கூடாது. உயரத்தில் குமிழி விரிந்து பார்வையையே பறித்துவிடலாம்.

விமானம் ஆடினால்?

ஆடும். குண்டும் குழியுமான சாலையில் பஸ் ஆடுவதைப் போல. இறக்கைக்கு அருகே உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். சீட் பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும் பெல்ட்டைத் தளர்வாகப் போட்டபடியே இருக்க வேண்டும். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் கடும் ஆட்டத்தில் சிக்கி பாங்காக்கில் இறக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் தூக்கியெறியப்பட்டுக் காயமடைந்தார்கள். போர்வைக்கு மேலே பெல்ட் தெரியும்படி போட்டால் பணியாளர் எழுப்பிச் சோதிக்க மாட்டார்.

இடையில் விமானம் மாற எவ்வளவு நேரம் இருக்கும்படி டிக்கெட் எடுப்பது?

மூன்று முதல் நான்கு மணி. ஒன்றரை மணி என்றால் ஓட வேண்டும், ஒன்பது மணி என்றால் முதுகு ஒடியும்.

போய்ச் சேர்ந்ததும் தூக்கம் குழம்புமே?

கலிபோர்னியாவுக்கும் நமக்கும் கோடையில் 12½ மணி நேர வித்தியாசம். பகலும் இரவும் அப்படியே இடம் மாறும். உடம்பு ஒரு மணி நேர வித்தியாசத்தைச் சரிசெய்ய ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து சமையலறையில் பாத்திரம் உருட்டினால் பதறாதீர்கள். பகல் வெளிச்சத்தில் நடக்க வையுங்கள், பகலில் தூங்கினால் அரைமணியில் எழுப்பிவிடுங்கள். முதல் வாரத்தில் நயாகராவுக்கு டிக்கெட் போடாதீர்கள்.

இவ்வளவையும் அவர்கள் எப்படி நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஓர் அட்டையில் தமிழில் ஒரு வரியும் அதற்கு நேரே ஆங்கிலத்தில் ஒரு வரியுமாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'குடிக்கத் தண்ணீர் வேண்டும்', 'எழுந்து போக வழி விடுங்கள்', 'இன்னொரு போர்வை', 'இந்த வாயிலுக்கு எப்படிப் போவது?', கடைசியில் என் முகவரியும் தொலைபேசி எண்ணும். பேச வேண்டியதில்லை, விரலை வைத்துக் காட்டினால் போதும். அடுத்த தடவை வந்தபோது அட்டையின் இரண்டாவது வரி மட்டும் தேய்ந்து மங்கியிருந்தது. அம்மாவுக்கு அந்த முறை தலை சுற்றவில்லை.